டெத் வேலியை ஒரே நாளில் பார்க்க: வெயிலைப் பார்த்து வழியைப் போடுங்கள்

லாஸ் வேகஸ் ஓட்டலில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒன்பது மணிக்குமேல் சாவகாசமாகக் கிளம்பி, கலிபோர்னியா-நெவாடா எல்லையிலுள்ள டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே போய்ச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். உச்சி வெயிலில் குன்றுகளின் மடிப்புகளில் நிழலே இருக்காது, நிறங்கள் வெளிறிவிடும், மணல் மேடுகள் தட்டையாகத் தெரியும். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று திரும்புவார்கள். குறை இடத்தில் இல்லை, போன நேரத்தில்தான். எது பக்கம், எது தூரம் என்று வரைபடத்தை வைத்து வரிசை போடக்கூடாது. எந்த இடத்தில் எந்த நேரத்தில் வெயில் விழுகிறது என்பதை வைத்துப் போட்டால் ஒரு நாள் தாராளமாகப் போதும்.

இரண்டாவது முடிவு, எதையெல்லாம் விடுவது என்பது. பூங்காவின் பரப்பு சுமார் 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். தானாக நகர்வதுபோலத் தடம் பதிக்கும் கற்கள் உள்ள ரேஸ்டிராக் என்ற காய்ந்த ஏரியைப் பார்க்கத்தான் பலருக்கும் ஆசை. உபிஹிபி எரிமலைப் பள்ளத்திலிருந்து அங்கே போக 27 மைல் கரடுமுரடான மண் சாலை. கூர்மையான கற்கள் சாதாரண டயரைக் கிழித்துவிடும். ஒருநாள் பயணத்தில் அதை நினைக்கவே வேண்டாம். 2015 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு மூடப்பட்ட ஸ்காட்டிஸ் காசில் மாளிகை இருக்கும் வடபகுதியையும் விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் என்ற சிற்றூரை நடுவாக வைத்து ஸப்ரிஸ்கி முனை, டான்டேஸ் வியூ என்ற இரண்டு காட்சி மேடுகள், பேட்வாட்டர் உப்புவெளி, ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற வண்ணக் குன்றுச் சாலை, மெஸ்கீட் மணல்மேடுகள் ஆகிய ஐந்தும் நிறைவான ஒரு நாள். எல்லாம் தார்ச்சாலையில் உள்ளவை, சாதாரண கார் போதும்.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. குளிர்காலப் பகலில் பள்ளத்தாக்கின் அடியில் 65, 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது இருபது செல்சியஸை ஒட்டி இருக்கும். ஜூலையில் சராசரி உச்ச வெப்பமே 116 டிகிரியைத் தாண்டும், அதாவது 47 செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று இதே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரிதான் (56.7 செல்சியஸ்) உலகிலேயே மிக அதிகக் காற்று வெப்பம் என்று இன்றும் பட்டியலில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை இரண்டு அங்குலம் அளவுதான். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தை வழியிலுள்ள மலைத்தொடர்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கின்றன. கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிய குறுகலான பள்ளம் இது. சூடாகி மேலே எழும் காற்று இருபுற மலைகளுக்கும் இடையில் மறுபடி கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு இன்னும் சூடாகிறது. ஆகவே இரவிலும் வெப்பம் தணியாது. ஜூலையில் விடியற்காலையிலேயே 90 டிகிரியை ஒட்டி இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவற்றில் முதல் வேலை, பூங்காவின் இணையதளத்தில் எந்தெந்தச் சாலைகள் திறந்திருக்கின்றன என்று பார்ப்பது. பாலைவனத்தில் வெள்ளமா என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான மழைதான் பெய்தது. சாலைகள் அடித்துச் செல்லப்பட்டு சுமார் ஆயிரம் பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹிலரி புயல் 2.2 அங்குலம் பெய்தபோது பூங்காவையே இரண்டு மாத அளவுக்கு மூட வேண்டி வந்தது. செடிகொடி இல்லாத இறுகிய தரை தண்ணீரை உறிஞ்சாது, மலையிலிருந்து அப்படியே ஓடிவரும். எங்கோ மலையில் இடி இடித்தால்கூடக் குறுகிய மலை இடுக்குகளுக்குள் நடக்கக்கூடாது.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். முந்தின நாளே இணையத்தில் வாங்கி, சீட்டைப் போனில் சேமித்து வையுங்கள். உள்ளே சிக்னல் பெரும்பாலான இடங்களில் இருக்காது. ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ் பக்கம் கொஞ்சம் கிடைக்கும், அதையும் நம்ப முடியாது. கூகுள் வரைபடத்தில் அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது காட்டும் குறுக்குவழியில் போகாதீர்கள். இந்தப் பூங்காவில் வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரிவது எல்லாமே கார் போகும் சாலை அல்ல. 1996-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இருவரும் இரண்டு பிள்ளைகளும் வாடகை வேனில் இப்படியொரு ஆள் நடமாட்டமில்லாத ஓடைவழியில் இறங்கி மாட்டிக்கொண்டார்கள். பெரியவர்களுடையவை என்று கருதப்படும் எலும்புகள் கிடைத்தது 2009-ல்தான். காகித வரைபடம் ஒன்று காரில் இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். கோடையானால் இதைவிடக் கூட. இதைத் தவிர காருக்கும் ஆபத்துக்குமாக எட்டு லிட்டர் தனியாக. நான்கு பேர் போனால் இரண்டு டஜன் லிட்டர் டிக்கியில் இருக்க வேண்டும். பாதிப் பாட்டில்களை முந்தின இரவே உறைய வைத்து ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டால் தனியாக ஐஸ்கட்டி வாங்க வேண்டாம், மதியம் அதுவே குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். அங்கே காற்று அவ்வளவு வறண்டது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கொரு தடவை இரண்டு மடக்கு குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு, உப்பும் சேர வேண்டும். இந்த விஷயத்தில் நம் சாப்பாடு வசதியானது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், ஊறுகாய், மிக்சர் எல்லாமே உப்புள்ளவை, கெடாதவை. தயிர்ச் சாதமும் உப்புப் போட்ட மோரும் ஐஸ் பெட்டியில் இருந்தால் மட்டும். ஃபர்னஸ் கிரீக்கில் உணவகங்கள் உண்டு. விலை அதிகம், சைவத்துக்குத் தேர்வு குறைவு.

கார் விஷயம். வாடகைக் காரை எடுக்கும்போதே மாற்று டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். இப்போதெல்லாம் பல கார்களில் காற்றடிக்கும் கருவி மட்டும்தான் வைக்கிறார்கள், பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது. மண் சாலையில் ஓட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும். ஓட்டி மாட்டினால் இழுவை வண்டிச் செலவு முழுவதும் உங்கள் தலையில். டேங்க்கை வழியிலுள்ள பாரம்ப் ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள்ளும் பெட்ரோல் கிடைக்கும், விலை மிகவும் கூடுதல். சுற்றி வரும் மொத்தத் தூரம் ஏறக்குறைய 400 மைல். மின்சாரக் காரானால் பாரம்ப், பீட்டி இரண்டு ஊர்களிலும் வேகமாக ஏற்றும் நிலையங்கள் உண்டு. டான்டேஸ் வியூ ஏற்றம் பேட்டரியை நன்றாகவே குடிக்கும், அதற்கு இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

இனி அந்த நாள். பிப்ரவரி நடுவை எடுத்துக்கொள்வோம். சூரிய உதயம் ஆறரை மணி அளவில். லாஸ் வேகஸிலிருந்து நெவாடா 160 நெடுஞ்சாலை வழியாக பாரம்ப், அங்கிருந்து டெத் வேலி ஜங்ஷன், பிறகு கலிபோர்னியா 190. ஸப்ரிஸ்கி முனை வரை சுமார் 115 மைல், இரண்டு மணி நேரம். நெவாடாவும் கலிபோர்னியாவும் ஒரே மணிக்கணக்குதான், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்குள் மேட்டில் நிற்கலாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து முனை வரை சிமெண்டுப் பாதை. சிறிய தூரம்தான், ஆனால் செங்குத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நடுவில் ஒருமுறை நின்று ஏற நேரம் விடுங்கள். விடியும் முன் காற்றடித்தால் கடுங்குளிர். பாலைவனம் என்று ஸ்வெட்டரை எடுக்காமல் போகிறவர்கள் இங்கேதான் வருந்துவார்கள்.

இங்கே கிழக்கைப் பார்த்து நிற்கக்கூடாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் உதிக்கும். எதிரே மேற்கில் 11,049 அடி உயரமுள்ள டெலஸ்கோப் சிகரத்தில் முதலில் இளஞ்சிவப்பு விழும். அந்த ஒளி மெல்ல மலையடிக்கு இறங்கி, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் உங்கள் காலடியிலுள்ள மஞ்சள் குன்றுகளுக்கு வரும். சூரியன் வந்துவிட்டதே என்று உடனே கிளம்பிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அரை மணி நேரமாவது நில்லுங்கள். பழைய ஏரியின் அடியில் படிந்த சேறும் எரிமலைச் சாம்பலும் இறுகி, பிறகு மழைநீரால் அறுக்கப்பட்டுத்தான் இந்த மடிப்புகள் வந்தன. சாய்ந்த வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

அங்கிருந்து வந்த வழியே சற்றுத் திரும்பி, டான்டேஸ் வியூ சாலையில் ஏறுங்கள். பிரதான சாலையிலிருந்து 13 மைல். கடைசிப் பகுதி பதினைந்து சதவீத ஏற்றம், 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மேலே 5,475 அடி. நேர் கீழே பேட்வாட்டரின் வெள்ளை உப்புவெளி, கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக் காலைதான் சரி. மதியத்துக்கு மேல் போனால் மேற்குச் சூரியன் கண்ணில் அடித்து எல்லாம் மங்கலாகிவிடும். பள்ளத்தாக்கைவிட இங்கே 15 முதல் 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். கோடையில் ஏறுகிறவர்கள் இன்ஜின் சூட்டு முள் உயர்ந்தால் ஏ.சி.யை நிறுத்த வேண்டும். அப்படியும் ஏறினால் ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். வண்டியை நிறுத்தி, ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் இருங்கள்.

ஒன்பது, ஒன்பதரைக்கு ஃபர்னஸ் கிரீக் தகவல் மையம். வரைபடம், தண்ணீர் நிரப்பும் குழாய், ஒழுங்கான கழிப்பறை எல்லாம் இங்கே. மற்ற இடங்களில் இருப்பவை தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறைகள், கை கழுவவும் வழி இராது. கிருமிநாசினியும் ஈரக் காகிதமும் கையோடு வேண்டும். சாலை நிலவரத்தை ரேஞ்சரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடம் திம்பிஷா ஷோஷோனி மக்களின் ஊரும்கூட. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் அவர்களுக்கு, பூங்கா எல்லைக்குள்ளேயே நிலம் திரும்பக் கிடைத்தது 2000-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான். 1849-ல் தங்கம் தேடி வந்து வழி தவறியவர்கள் வைத்த பெயர்தான் டெத் வேலி. அவர்கள் சாகத் தெரிந்த இடத்தில் இவர்கள் மெஸ்கீட் காய்களையும் பைன் கொட்டைகளையும் சேகரித்து, கோடையில் மலைக்கு ஏறி, குளிரில் கீழே இறங்கி வாழத் தெரிந்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த நிலம் வெறும் பொட்டலாகத் தெரியாது.

பேட்வாட்டர் இங்கிருந்து தெற்கே 17 மைல். கிழக்கே சுவர் மாதிரி நிற்கும் கறுப்பு மலை காலை வெயிலை நல்ல நேரம் மறைத்துவிடும். அதனால் குளிர்காலத்தில் பத்து மணிக்குப் போவது பொருத்தம். காரை விட்டு இறங்கியதும் திரும்பி மலையைப் பாருங்கள். கடல்மட்டம் எது என்று காட்டும் பலகை பாறையில் எங்கோ உயரத்தில் தொங்கும். மரப்பாதையில் சக்கர நாற்காலியும் போகலாம். அதைத் தாண்டி முதல் கால் மைல், ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து அழுக்கேறிய உப்பு. அதோடு படம் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். ஒரு மைல் அளவு உள்ளே நடந்தால்தான் ஓரங்கள் உயர்ந்த அறுகோண உப்புக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். போக வர ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில். உப்பு வெயிலைத் திருப்பி அடிப்பதால் தாடைக்குக் கீழும் தோல் கருகும், சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை மணியில் தலை வலிக்கும். மழைக்குப் பிறகு வெளி சேறாக இருந்தால் உள்ளே நடக்க வேண்டாம். ஆழமான காலடித் தடங்கள் வருடக்கணக்கில் அழியாது.

ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ் ஒன்பது மைல் ஒருவழிச் சாலை, தெற்கிலிருந்து வடக்காக. ஆகவே பேட்வாட்டரிலிருந்து திரும்பும்போதுதான் நுழைய வேண்டும். போகிற வழியில் நுழையப் பார்த்தால் மறுபடி ஃபர்னஸ் கிரீக் பக்கமே கொண்டுவந்து விட்டுவிடும். சரிவுகள் மேற்கு நோக்கியவை, மதியத்துக்குப் பிந்தைய வெயிலில்தான் நிறம் ஏறும். அதனால் பேட்வாட்டருக்கும் இதற்கும் நடுவில் நேச்சுரல் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறைப் பாலம் வரை நடந்துவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணி வாக்கில் நுழைவது நல்லது. நேச்சுரல் பிரிட்ஜுக்கு ஒன்றரை மைல் மண் சாலை உண்டு, வாடகைக் காரில் போகிறவர்கள் அதைத் தவிர்த்து கோல்டன் கேன்யனில் சிறிது தூரம் நடக்கலாம். சரிவுகளில் தெரியும் பச்சை, ஊதா, ரோஜா, சிவப்பு, மஞ்சள் நிறங்களில் சிவப்பும் ரோஜாவும் மஞ்சளும் இரும்புச் சேர்மங்களால் வருபவை, ஊதா மாங்கனீசால். சாலை குறுகலானது, பள்ளத்தில் இறங்கி ஏறும். சந்தோஷத்தில் வேகமெடுக்க வேண்டாம். இந்தப் பூங்காவில் மற்ற எதையும்விட, ஒற்றைக் கார் தானே கவிழ்ந்து நடக்கும் விபத்துகளில்தான் அதிகம் பேர் சாகிறார்கள். நீண்ட வெறும் சாலை வேகத்தை மறைத்துவிடும்.

மணல்மேடுகளைக் கடைசிக்கு வையுங்கள். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து வடமேற்கே அரை மணி நேரம். சூரியன் மறைய ஒன்றரை மணி முன்னதாகச் சேருங்கள். தனிப் பாதை எதுவும் கிடையாது. உயரமான மேடு சுமார் நூறு அடி, மேட்டின் முகட்டு விளிம்பிலேயே நடந்தால் கால் குறைவாகப் புதையும். முதல் சில மேடுகளைத் தாண்டினால் காலடித் தடமில்லாத மணல் கிடைக்கும். கார் நிற்கும் திசையை மலையின் ஏதாவது ஒரு முகட்டை வைத்து அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், இருட்டியதும் எல்லா மேடும் ஒன்றுபோல இருக்கும். ஆளுக்கு ஒரு டார்ச். வெப்ப மாதங்களில் இருட்டிய பிறகு விரியன் வகைப் பாம்புகள் நடமாடும். செருப்பு போட்டு ஏறக்கூடாது, மூடிய ஷூ கட்டாயம். 2024 ஜூலையில் இங்கே ஒருவர் செருப்பு அறுந்தோ தொலைந்தோ வெறுங்காலோடு நடந்ததில் பாதங்களில் மூன்றாம் நிலைத் தீக்காயம். வெப்பம் அதிகம் என்பதால் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியவில்லை, உயரமான இடத்துக்கு வண்டியில் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். 1972-ல் ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் வெப்பம் 201 டிகிரி ஃபாரன்ஹீட் வரை பதிவாகியிருக்கிறது, தண்ணீர் கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதே பெரும்பாலும் கோடையில்தான். பேரப்பிள்ளைகளின் விடுமுறை அப்போதுதான். ஜூலையில் அவர்களை அழைத்துப் போக வேண்டாம் என்பதுதான் எங்கள் யோசனை. போயே தீர வேண்டும் என்றால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். இரவு மூன்று மணிக்குக் கிளம்பி, ஐந்தரைக்கு ஸப்ரிஸ்கி, ஆறரைக்கு பேட்வாட்டர். ஏழு மணி தாண்டும்வரை மலை நிழல் இருக்கும். மரப்பாதையோடு திரும்பிவிட வேண்டும். காரிலிருந்தே ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ், எட்டு மணிக்குத் தகவல் மையம், கடைசியாகக் குளிர்ச்சியுள்ள டான்டேஸ் வியூ, பத்தரைக்கு வெளியே. மணல்மேட்டை விட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தாழ்வான இடங்களில் நடக்கக்கூடாது என்பது பூங்காவே சொல்லும் எச்சரிக்கை. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், வெயிலில் அது உடம்பை இன்னும் வறட்டும். இன்சுலினைப் பூட்டிய காரில் விடக்கூடாது, ஐஸ் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், ஐஸ்மேல் நேராகப் படக்கூடாது.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, கிறுகிறுப்பு இதில் ஏதாவது வந்தால் அன்றைய சுற்றுலாவை அங்கேயே நிறுத்துங்கள். ஏ.சி. காரில் உட்கார வைத்து, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, சிறிது சிறிதாக உப்புக் கரைசல் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ உயிராபத்து, 911. சிக்னல் இல்லாத இடத்தில் ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். அதை எப்படி அனுப்புவது என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்து வையுங்கள். கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்கக்கூடாது. தார்ச்சாலையில் யாராவது வருவார்கள். போனட்டைத் திறந்து வைத்துவிட்டு, காரின் நிழலில் தண்ணீரோடு காத்திருங்கள்.

திரும்பும்போது வந்த வழியே போக வேண்டாம். மணல்மேட்டிலிருந்து டேலைட் கணவாய் வழியாக நெவாடா 374-ல் பீட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 95-ல் லாஸ் வேகஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பீட்டியைச் சுற்றிக் காட்டுக் கழுதைகள் சாலையில் நிற்கும், இரவில் அவற்றின் நிறம் விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரியும். ஊருக்குள் நுழைந்ததும் வேக வரம்பு சட்டென்று இறங்கும், பலகையைக் கவனியுங்கள். வழியிலுள்ள மெர்க்குரி என்ற இடம் வரை எதிரெதிர் வண்டிகள் ஒரே சாலையில் வரும். விடிகாலை மூன்றரைக்கு எழுந்த ஆளே இரவு எட்டு மணிக்கும் ஓட்டக்கூடாது. இன்னொரு ஓட்டுநர் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்து வையுங்கள். ஒருவர்தான் ஓட்டத் தெரிந்தவர் என்றால் பீட்டியில் ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள்.